ரீடபிலிட்டி: தமிழ்ல என்னன்னு சொல்றது?

ஒரு எழுத்து, படிக்கிறவங்க தடுமாறாம புரிஞ்சுக்கிற மாதிரி இருக்கா இல்லையாங்கிறதுதான் ரீடபிலிட்டி. இத நெறைய பேர் வாசிப்புத்திறன்னு எழுதுறாங்க. தப்பு. திறன் படிக்கிற ஆளோடது, ரீடபிலிட்டி எழுத்தோட குணம். ஸ்கேன் எடுக்கப்போறவர் நெட்ல தேடிப் படிச்சிட்டு ஒண்ணும் புரியாம முழிச்சா, அவருக்கு வாசிப்புத்திறன் கம்மின்னு பழிய அவர் தலையிலயே கட்டிடலாம் பாருங்க.

ரீட்ங்கிற சொல்லுக்குப் பழைய இங்கிலீஷ்ல யோசனை சொல்றது, புதிர விடுவிக்கிறதுன்னெல்லாம் அர்த்தம் இருந்துச்சு, விடுகதையைக் குறிக்கிற ரிடில் கூட அதே வேர்தான். சில ஸ்கேன் பக்கங்களப் படிச்சா அந்தப் பழைய அர்த்தம் இன்னும் சாகலன்னு தோணும்.

"நரம்புவழி மாறுபாட்டு ஊடகம் செலுத்தப்பட்ட பின் படிமங்கள் பெறப்படும்"னு சிடி ஸ்கேன் பத்தி எழுதினா யாருக்குப் புரியும்? படம் தெளிவா விழுறதுக்காக கையில ஊசி போட்டு கான்ட்ராஸ்ட்ங்கிற மருந்து ஏத்துவாங்க, அப்ப உடம்பு குப்புன்னு சூடாகும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரி கூட தோணலாம் ஆனா போயிருக்காது, கிட்னி பிரச்சனையோ அலர்ஜியோ இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, இப்படி எழுதினா நீளம்தான், ஆனா படுத்திருக்கிறவர் பயப்பட மாட்டார்.

இத அளக்க ஃபார்முலாவும் இருக்கு. ருடால்ஃப் ஃப்ளெஷ்ங்கிற எழுத்தாளர் 1948ல வாக்கியத்தோட நீளத்தையும் சொல்லுக்கு எத்தன அசை, அதாவது சிலபிள்ங்கிறதையும் வச்சு ஒண்ணு போட்டாரு, 1975ல அமெரிக்கக் கடற்படைக்காக கின்கெய்ட் குழு அத எத்தனாங்கிளாஸ் அளவுன்னு சொல்ற மாதிரி மாத்துச்சு. நோயாளிகளுக்கு எழுதுறது ஆறாங்கிளாஸ் அளவத் தாண்டக்கூடாதுங்கிறது அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட பரிந்துரை.

தமிழ்ல என்னோட ஓட்டு வாசிப்பெளிமைக்கு. எழுத்து பொடிசா மங்கலா இருக்கிறது வேற விஷயம், அது லெஜிபிலிட்டி, அதுக்கு எழுத்துத்தெளிவுன்னு வச்சுக்கலாம்.

ஆனா சொல்ல மாத்தினாலும் அந்த ஃபார்முலா நமக்கு ஒத்து வராது, அது இங்கிலீஷுக்குன்னு போட்ட கணக்கு. "சாப்பிட்டுட்டுவரலாமா"ன்னு சேத்து எழுதினா அசை எண்ணிக்கை எகிறிடும், ஆனா சின்னப் பிள்ளைக்குக் கூட புரியும். "கட்டி"க்கு ரெண்டே அசை, கணக்குப்படி ரொம்ப ஈஸி, ஆனா ரிப்போர்ட்ல அதப் பாத்தவருக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சு. எல்லாக் கட்டியும் கேன்சர் இல்லன்னு பக்கத்துலயே ஒரு வரி சேத்தா பக்கம் நீளும், எளிமையும் கூடும்.