ஹீட்டர் காசில் மாத்திரை வாங்கலாம்

டெல்லியில் டிசம்பர் பிறந்துவிட்டால், என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் மூட்டுவலிக்கு அடுத்தபடியாகப் புலம்புவது மின்கட்டணத்தைப் பற்றித்தான். மானியத்துக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இங்கே மாதம் 200 யூனிட் வரை இலவசம். 201 முதல் 400 வரை பாதிக் கட்டணம், அதிலும் தள்ளுபடி 800 ரூபாய்க்கு மேல் போகாது. 400 என்பது லட்சுமணன் கோடு. அதைத் தாண்டினால் மானியமே கிடையாது, முழுத் தொகையும் நம் தலையில்.

2,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்தில் 2 யூனிட்டை விழுங்கும். தினமும் ஐந்து மணி நேரம் ஓடினால் மாதம் 300 யூனிட். வீட்டின் மற்றச் செலவு 100 யூனிட்டைக் கடந்தாலே கோட்டைத் தாண்டிவிடுவோம். இந்தச் செலவை ஈடுகட்ட எதில் கை வைக்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பாலில் குறைப்பதில்லை, கேபிளில் குறைப்பதில்லை. மாத்திரையில் குறைக்கிறார்கள்.

மூட்டுகளை வீங்கி விறைக்கச் செய்யும் முடக்குவாதத்தைக் குளிர் யாருக்கும் கொண்டுவருவதில்லை. தசை இறுகுகிறது, விரல் நுனிக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, ரஜாய்க்குள் முடங்குவதால் நடமாட்டமும் போய்விடுகிறது. இருக்கிற நோய் இதனால் கூடுதலாக வலிக்கிறது. மூட்டுத் தேய்மானத்தால் வரும் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் விரல்கள் மடங்காமல், கணுக்கள் வீங்கியிருந்தால் அதைப் பனியின் கணக்கில் எழுதிவிடாமல் மூட்டுவாத மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆர்.கே.புரத்தில் ஒரு மாமியின் முழங்காலைப் பரிசோதிக்கப் புடவையை உயர்த்தச் சொன்னேன். இரண்டு கால்களின் முன்புறத்திலும் தோல் வலைவலையாகப் பழுத்துக் கறுத்திருந்தது. ஹீட்டரின் முன்னால் நாள்தோறும் காலை நீட்டி உட்கார்ந்ததன் தழும்பு அது. காலைச் சுட்ட அந்த வெப்பம் கைக்கு எட்டவில்லை. விரல்கள் அப்போதும் காபி டம்ளரைப் பிடிக்க முடியாத நிலையில்தான் இருந்தன. அறை முழுவதையும் காய்ச்சுவதற்குக் காசு கொட்டுகிறோம், வலிக்கிற இடமோ அப்படியே கிடக்கிறது.

15 லிட்டர் கீசர் முழுவதையும் குளிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய அரை யூனிட் போதும். கைகளுக்கு வேண்டியதோ ஒரு சின்னப் பேசின் தண்ணீர். எழுந்தவுடன் இதமான வெந்நீரில் இரண்டு கைகளையும் மணிக்கட்டுக்கு மேல் வரை அமிழ்த்தி, நீருக்குள்ளேயே விரல்களை மூடித் திறக்க வேண்டும். பிறகு கட்டைவிரல் நுனியால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும். எவ்வளவு நேரம் என்று மாமி கேட்டார். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கும் நேரம் என்றேன். அதற்குப் பிறகு அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. முழங்காலுக்கு வெந்நீர்ப் பையோ மின் ஒத்தடப் பையோ போதும். ஒரு மணி நேரம் போட்டாலும் ஒத்தடப் பை ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது.

மூட்டு சிவந்து, தொட்டாலே சுடுகிறபோது ஒத்தடம் வேண்டாம். சர்க்கரை நோயால் கால் மரத்தவர்கள் வெந்நீர்ப் பையை வீட்டில் வேறொருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் எழும்பிய பிறகுதான் சுட்டது தெரிந்து என்னிடம் வருகிறவர்கள் உண்டு. அங்கீட்டியில் கரி மூட்டிக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, விழிக்க வைக்காது.

திரிலோக்புரியிலிருந்து மயூர் விஹாருக்கு வீட்டு வேலைக்கு வரும் நம் பெண்களின் நிலை வேறு. நான்கு வீட்டுப் பாத்திரத்தை ஜனவரித் தண்ணீரில் கழுவுகிறவரிடம் கையைச் சூடாக வைத்துக்கொள் என்று அறிவுரை சொல்வதற்கு எனக்கு வாய் வருவதில்லை. சொல்ல வேண்டியது வீட்டுக்காரர்களிடம். ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கி வையுங்கள், சமையலறைக் குழாயில் வெந்நீர் வந்தால் அதைத் திறந்து கொடுங்கள். குளிரில் அவர் விரல்கள் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

உடுப்பில் கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு மூன்று அடுக்குகள் நல்லது. தோள்வலிக்காரர்களுக்குத் தலைவழியே மாட்டும் ஸ்வெட்டர் ஒரு தண்டனை, முன்புறம் திறப்பதாக வாங்குங்கள். நடைப்பயிற்சியை விடியற்காலையில் வைத்துக்கொள்ள வேண்டாம், அப்போது குளிரும் புகைமூட்டமும் சேர்ந்து நிற்கும். வெயில் வந்த பிறகு, காற்று மோசமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். மற்ற நாட்களில் வீட்டுக் கூடமே போதும்.

இனி மாத்திரை. முடக்குவாதத்துக்குப் பலருக்கும் எழுதப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு முறை மட்டுமே விழுங்க வேண்டியது. தினமும் விழுங்கினால் ஆபத்து, மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நீட்டினால் நோய் மூட்டை அரிக்கும். நிறுத்திய மறுநாளே வலி கூடிவிடாது, பலரும் ஏமாறுவது அங்கேதான். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்தில் (ஜன் ஔஷதி கடையில்) கேளுங்கள். ரத்தப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாம். வலிக்கு நீங்களாகக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரே வாரத்தில் வலியை ஓட்டுவதாகச் சொல்லும் பெயரில்லாப் பொடிகளை நான் நம்புவதில்லை. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும்.

70 வயது நிறைந்தவர்கள் அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் அட்டை இருக்கிறதே, மாத்திரைச் செலவு தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். அந்த அட்டை மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சிஜிஎச்எஸ் வசதி உள்ள ஓய்வூதியர்கள் இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். மூட்டுவாதத்துக்குத் தொடர்ந்து மருந்து வாங்குகிறவர்கள், டிஸ்பென்சரியில் தங்களுக்கு என்னென்ன கிடைக்கிறது என்று எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.