பிரிடேட்டர்: கொன்றுண்ணியா, வேட்டையாடியா?

‘பிரிடேட்டர்’ என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன என்று கேட்டால், உயிரியல் படித்தவர்கள் ‘கொன்றுண்ணி’ என்பார்கள். நல்ல சொல். கொல்வது, உண்பது என்ற இரண்டு வேலையும் அதற்குள் இருக்கின்றன. புலி, சுறா, பருந்து எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் 1987இல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தின் வேற்றுலக உயிரிக்கு அதைப் பெயராக வைத்தால் ஒரு பெரிய தவறு நேர்ந்துவிடுகிறது. அந்த உயிரி மனிதரைக் கொல்கிறது, உண்பதில்லை.

உண்பதில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. அந்த உயிரி மனிதரோடு எப்படி உறவு கொள்ளும் என்று உலகம் முழுக்க ரசிகர்கள் எழுதிக் குவிக்கிற கதைகள் எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்துதான் முளைக்கின்றன. பசிக்காக வருகிறவனோடு பேச்சுவார்த்தை நடத்த முடியாது. பசி இல்லாமல் வருகிறவனிடம் “எதற்கு வந்தாய்?” என்று கேட்கலாம்.

பாம்பனில் என் அண்ணன் மகள் இப்படிப்பட்ட கதைகளைத் தமிழில் எழுதுகிறாள். ஒருநாள் அவள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பல காலம் வத்தைப் படகில் கடலுக்குப் போன அவளுடைய தாய்வழித் தாத்தா இடையில் புகுந்தார்.

“ஏத்தா, அது மனுசனைத் திங்குமா?”

“திங்காது தாத்தா. மண்டையோட்டை மட்டும் எடுத்துக்கிட்டுப் போகும்.”

“பெறகு எதுக்குப் பிடிக்குது? விக்கவா?”

“விக்கவும் விக்காது. வீட்டுல மாட்டி வைக்கும்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப அது பசிக்கு வரல, பேருக்கு வருது” என்றார். படத்தை அவர் பார்த்ததில்லை. ஆனால் அந்த உயிரியின் இயல்பைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

அந்த உயிரிக்குச் சில ஒழுங்குகள் உண்டு. ஆயுதம் இல்லாத மனிதர்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. 1990இல் வந்த இரண்டாம் படத்தில், ஒரு பெண் காவலர் கருவுற்றிருப்பதைக் கண்டுகொண்டதும் அவரைக் கொல்லாமல் விட்டுவிடுகிறது. அதே படத்தின் முடிவில், தங்கள் ஆளைக் கொன்ற மனிதருக்கு அந்தக் கூட்டத்தின் மூத்தவர் 1715 என்று பொறித்த பழைய கைத்துப்பாக்கி ஒன்றைப் பரிசாகத் தருகிறார். 2004இல் வந்த இன்னொரு படத்தில், தோளோடு தோள் நின்று போரிட்ட ஒரு மனிதப் பெண்ணின் கன்னத்தில் அந்த உயிரி, தான் நெற்றியில் தரித்த அதே குறியை இடுகிறது. வரைகதைகளில் இதற்கு முன்பே மச்சிகோ நொகுச்சி என்ற பெண் அப்படிக் குறி பெற்று, பிறகு அவர்களோடு சேர்ந்து வேட்டைக்கே போகிறாள். ரசிகர்கள் அந்த இனத்தைச் சொல்லும் ‘யவுட்ஜா’ என்ற பெயரும் படத்திலிருந்து பிறந்தது இல்லை. 1994இல் வந்த ஒரு நாவல் தந்தது. ஆக, ரசிகர்கள் வெறும் காற்றில் கோட்டை கட்டவில்லை. மூலக்கதை திறந்து வைத்த கதவு வழியாகத்தான் உள்ளே போகிறார்கள்.

இப்போது சொல்லுக்கு வருவோம். பிரிடேட்டர் லத்தீனிலிருந்து வந்த சொல். ‘பிரைதா’ என்றால் போரில் கைப்பற்றிய பொருள், கொள்ளைப் பொருள். ‘பிரைதாதோர்’ என்றால் அதைக் கவர்ந்து வருகிறவன். அந்தச் சொல்லின் அடியில் இருப்பது ‘பிடித்தல், பற்றுதல்’ என்ற பொருள் தரும் வேர். வயிறும் பல்லும் அதில் கிடையாது. கை மட்டும்தான் உண்டு. கொன்று தின்னும் விலங்குக்குப் பெயராக இந்தச் சொல் பரவலானது மிகவும் பிற்பாடு, 20ஆம் நூற்றாண்டில். எனவே ‘கொன்றுண்ணி’ என்பது அந்தச் சொல்லின் கடைசிப் பொருளுக்கு மட்டும் நாம் செய்துகொண்ட தமிழ்.

பழைய பொருளுக்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: கோள். கொள் என்ற வினை நீண்டு பெயரானது. பகைவர் நாட்டு மாடுகளைக் கவர்ந்து வருவதைத் தொல்காப்பியம் ‘ஆகோள்’ என்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லில் தமிழ்ப் பிராமி எழுத்தில் இதே ஆகோள் வெட்டப்பட்டிருக்கிறது. லத்தீன்காரர் பிரைதா என்று சொன்னதற்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைக்குமா என்று தெரியவில்லை. அறுபத்துமூவரில் ஒருவரின் பெயர் கோட்புலி நாயனார். பாய்ந்து பற்றிக் கொல்லும் புலி என்பது அந்தப் பெயரின் பொருள்.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். வானத்துக் கிரகத்தையும் நாம் கோள் என்றுதான் சொல்கிறோம். வடமொழியில் ‘கிரஹம்’ என்றாலும் பற்றுவது, பிடிப்பது என்றே பொருள். இரண்டு மொழியும் ஒரே எண்ணத்தில் பெயர் வைத்திருக்கின்றன: மேலே சுற்றுகிறவை மனிதரைப் பிடிக்கும். ‘அவனுக்குச் சனி பிடிச்சிருக்கு’ என்று இன்றும் சொல்கிறோம். அப்படியானால் வேற்றுலக உயிரியை ‘அயற்கோள் உயிரி’ என்று சொல்லும்போதே, பிடிக்கிற இடத்திலிருந்து வந்தவன் என்ற நிழல் அந்தச் சொல்லுக்குள் விழுந்துவிடுகிறது.

எங்கள் தேவிபட்டினத்தில் கடலுக்குள்ளேயே நிற்கின்றன அந்த ஒன்பது கோள்களும். இராமன் நட்டு வைத்தவை என்பது ஊர் நம்பிக்கை. நவபாஷாணம் என்று பெயர். மக்கள் கடலில் இறங்கி, அந்தக் கற்களைச் சுற்றி வந்து, நவதானியம் போட்டு வணங்கிவிட்டுக் கரையேறுகிறார்கள். பிடிக்கிறவனை விரட்ட அவர்கள் வருவதில்லை. அவனோடு ஓர் உறவை ஏற்படுத்திக்கொண்டு போகிறார்கள். சனியை ‘சனி பகவான்’ என்று மரியாதையாக அழைக்கிறோம். பிடிக்கிறவனே கொடுக்கிறவனாகவும் ஆவான் என்று நம்புகிறோம். அயற்கோள் வேட்டையாடியோடு மனிதர் எப்படி ஒட்ட முடியும் என்று கேட்கிற தமிழ் வாசகருக்கு நான் தேவிபட்டினத்தைத்தான் காட்டுவேன். அந்த ரசிகர்கள் கேட்கிற கேள்வி இங்கே மிகப் பழையது.

கொள் என்ற வினையை இன்னும் கொஞ்சம் பின்தொடரலாம். கொள்ளை அடிப்பதும் கொள்தான். ‘ஏற்றுக்கொள்’ என்பதிலும் அதே கொள். பெண் எடுப்பது கொள்வினை, பெண் தருவது கொடுப்பினை. கணவனைக் ‘கொண்டவன்’ என்பது இன்றும் ஊர்ப்பேச்சில் உண்டு. பறிப்பதற்கும் மணப்பதற்கும் ஒரே வினையைத் தமிழ் வைத்திருக்கிறது என்றால், கவர வந்தவன் உறவாகிற கதைக்கு நமக்கு வேறு மொழியிலிருந்து சொல் இரவல் வாங்க வேண்டியதில்லை.

இயற்கையில் அப்படி நடக்குமா என்று சிலர் கேட்பார்கள். நடக்கிறது, அதுவும் நம் வாசலிலேயே. இராமேசுவரத்திலிருந்து தூத்துக்குடி வரை தீவுகள் வரிசையாகக் கிடக்கும் மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளில் கடல் சாமந்தி இருக்கிறது. பார்க்கப் பூ மாதிரி இருந்தாலும் அது ஒரு விலங்கு. விரல்களில் இருக்கும் கொட்டும் செல்களால் சிறு மீன்களை மயக்கித் தின்னும். அந்த விரல்களுக்கு நடுவில்தான் கோமாளி மீன் குடித்தனம் நடத்துகிறது. அதன் உடம்பின் வழுவழுப்பான பூச்சு அந்தச் செல்கள் கொட்டாமல் அதைக் காக்கிறது. பதிலுக்கு, சாமந்தியைக் கடிக்க வரும் மீன்களை அது விரட்டுகிறது. அதன் கழிவும் சாமந்திக்கு ஊட்டமாகிறது. இன்னொன்று: பெரிய களவா மீன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க, அதற்குள்ளே நுழைந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் சிறு மீன் ஒன்று உண்டு. ஒரு வாய் மூடினால் முடிந்தது கதை. ஆனால் களவா மூடுவதில்லை. ரசிகர்கள் தங்கள் கதைகளில் ‘இருவருக்கும் பயன் இருந்தால்தான் உறவு நிலைக்கும்’ என்று அடிக்கடி வாதாடுவார்கள். இந்தத் திட்டுகள் அவர்கள் பக்கம்தான் பேசுகின்றன.

மனிதரே வேட்டையாடியாக இருந்து மாறியதும் இந்தக் கரையில் நடந்திருக்கிறது. ஆவுளியா என்று இங்கே சொல்லப்படும் கடல் பசுவை ஒரு காலத்தில் கறிக்காகப் பிடித்தார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது. இன்று வலையில் ஆவுளியா சிக்கினால் வலையை அறுத்தாவது அதை விடுவிக்கிற மீனவர்கள் இருக்கிறார்கள். வலைக்கு ஆகும் செலவு தெரிந்தவர்களுக்குத்தான் அதன் பெருமை புரியும்.

சரி, உறவு என்பதற்கு என்ன சொல் போடுவது? ரசிகர்கள் ‘பாண்டிங்’ என்கிறார்கள். பலரும் ‘பிணைப்பு’ என்று எழுதுகிறார்கள். பிணை என்றால் கட்டு. பிணைக்கைதி என்பதிலும் அதே சொல் இருக்கிறது. பழந்தமிழில் பெண் மானுக்கும் பிணை என்று பெயர். சிறைப்பட்ட மனிதர் தன்னைப் பிடித்தவனிடமே ஒட்டிக்கொள்கிற கதைகளுக்கு இது மிகப் பொருத்தம். அப்படிப்பட்ட கதையை எழுதுகிறவர்கள் அது சிறை என்பதை மறைக்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பிணை என்ற சொல் அதை மறைக்க விடாது.

இருவரும் மனம் ஒப்பிச் சேர்கிற கதைக்குப் ‘பாசம்’ என்று எழுதலாம். வடமொழியில் ‘பாசம்’ கயிறு, சுருக்கு. எமன் கையில் இருப்பது பாசக்கயிறு. வேடன் விரிக்கிற கண்ணிக்கும் அதே பெயர். தமிழில் அந்தச் சுருக்கே அன்பாகிவிட்டது; ‘பாசமான பிள்ளை’ என்று சொல்லும்போது யாருக்கும் எமன் நினைவுக்கு வருவதில்லை. வேட்டையில் தொடங்கி அன்பில் முடிகிற ஒரு கதையை இந்த ஒரு சொல் தன் வரலாறாகவே வைத்திருக்கிறது.

உயிரிக்குப் பெயர் என்ன என்பது இன்னும் பாக்கி. ‘வேட்டுவன்’ என்று எழுதத் தோன்றும். அழகான பழஞ்சொல். ஆனால் வேட்டுவர் என்பது இன்றும் வாழ்கிற மக்களின் பெயர். மண்டையோடு சேர்க்கும் அயற்கோள் உயிரிக்கு அதைச் சூட்டுவது முறையில்லை. ‘வேட்டையாடி’ போதும். எளிதாகப் புரிகிறது, உண்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. காட்டுக்கு மட்டும் உரிய சொல்லும் இல்லை அது: ‘பெருங்கடல் வேட்டத்துச் சிறுகுடிப் பரதவர்’ என்று அகநானூறு மீன்பிடிப்பதையும் வேட்டம் என்றே சொல்கிறது. உயிரியல் பாடத்துக்குக் கொன்றுண்ணி, கதைக்கு வேட்டையாடி என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

எதிர்ப்பக்கம் நிற்கும் மனிதரை ‘இரை’ என்று எழுதுவதிலும் அதே சிக்கல். இரை என்றாலே வயிறு வந்துவிடும். இரைப்பை என்ற சொல்லே சாட்சி. தூண்டிலில் குத்துவதையும் இங்கே இரை என்பார்கள். கடலிலிருந்து கொண்டு வருகிறதற்கு மீனவர் சொல்லும் சொல் ‘பாடு’. ‘இன்னைக்கு மீன்பாடு எப்படி?’ என்றுதான் கரையில் கேட்பார்கள். பிடிக்கிறவருக்குப் பாடு என்றால் வரவு. பட்டவருக்குப் பாடு என்றால் துன்பம். வேட்டையாடியின் பார்வையில் கதை சொல்கிறவர்கள் இந்தச் சொல்லைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், கதையில் ஒரு மனிதப் பெண் அப்படிக் குறி வாங்கிக்கொண்டு அவர்களோடு வேட்டைக்குப் போகத் தொடங்கிய பிறகு, அவள் இரையும் இல்லை, பாடும் இல்லை. என் அண்ணன் மகள் அந்த இடத்தில் ‘பங்காளி’ என்று எழுதியிருக்கிறாள். படகில் போனவர்கள் கிடைத்ததைப் பங்கு வைத்துக்கொள்வது இந்தக் கரையின் வழக்கம். பங்காளி என்றால் ஒரே குலத்தவர் என்றும் பொருள், சொத்துக்கு மோதுகிறவர் என்றும் பொருள். மண்டையோடு யாருக்கு என்று நாளை அவளும் அந்த வேட்டையாடியும் சண்டை போடவும் இந்தச் சொல் இடம் வைத்திருக்கிறது.