‘டாம்கேட் ஸ்டார்ட்டட்’ என்று வந்தால் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன் நான் கவனித்துவந்த ஒரு சர்வரிலிருந்து, வாடிக்கையாளர்களுக்கு ஒரே எஸ்எம்எஸ் இரண்டு முறை போகத் தொடங்கியது. கோடில் தவறு தேடியே அரை நாள் போயிற்று. கடைசியில், ஓடும் ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கமாண்ட் கொடுத்துப் பார்த்தபோது, ஒரே டாம்கேட் (ஜாவா வெப் அப்ளிகேஷன்களை ஓட்டும் சர்வர் மென்பொருள்) இரண்டு ப்ராசஸாக ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. முந்தைய இரவு ரீஸ்டார்ட் செய்தது எங்கள் ஷெல் ஸ்கிரிப்ட். நான்கே வரி: நிறுத்து, பத்து விநாடி பொறு, தொடங்கு, ‘முடிந்தது’ என்று காட்டு.

நிறுத்தச் சொன்னதும் டாம்கேட் தன் போர்ட்டுகளை மூடிவிடும். ஆனால் அப்ளிகேஷன் தொடங்கிவைத்த த்ரெட் (ப்ராசஸுக்குள் தனியாக ஓடும் வேலை) ஏதாவது நிற்காமல் இருந்தால், ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் ப்ராசஸ் சாகாமல் போகலாம். 8080 போர்ட் காலியாக இருப்பதால் புதிய டாம்கேட் ஒரு எர்ரரும் காட்டாமல் எழுந்துவிடும். பழையதற்கு ரிக்வெஸ்ட் எதுவும் வராது. அதற்குள் இருந்து நேரத்துக்கு நேரம் எஸ்எம்எஸ் அனுப்பும் ஷெட்யூலர் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிடித்த மெமரியையும் விடாது. இப்படியே நாலைந்து ரீஸ்டார்ட் ஆனால், மெமரி தீர்ந்துபோய் லினக்ஸே ஏதோ ஒரு ப்ராசஸைக் கொல்ல வேண்டிவரும்.

சரி, ஸ்கிரிப்ட்டில் என்ன மாற்றினோம்? முதலில் டாம்கேட்டின் செட்டிங்குகள் இருக்கும் செட்என்வ் ஃபைலில், ப்ராசஸ் எண்ணைக் குறித்துவைக்கும் ஃபைல் எது என்று சொல்லும் கேட்டலினா பிஐடி வேரியபிளை வைத்தோம். அது இருந்தால்தான் ‘ஸ்டாப் 30 -ஃபோர்ஸ்’ வேலை செய்யும்: 30 விநாடி காத்திருந்து, அப்போதும் ப்ராசஸ் போகாவிட்டால் கில் -9 அனுப்பி வலுக்கட்டாயமாகக் கொல்லும். ஆனால் நேராக அதற்குப் போகாதீர்கள். முதலில் சாதாரணமாக நிறுத்திப் பாருங்கள். நிற்கவில்லை என்றால், ஜாவாவோடு வரும் ஜேஸ்டாக் கருவி கொண்டு ஒரு த்ரெட் டம்ப் (எந்த த்ரெட் என்ன செய்கிறது என்ற பட்டியல்) எடுத்துவைத்த பிறகு கொல்லுங்கள். நிற்க மறுத்த த்ரெட் எது என்பதற்கு அதுதான் சாட்சி. எங்கள் எஸ்எம்எஸ் ஷெட்யூலர் அப்படித்தான் பிடிபட்டது.

அடுத்து, தொடங்கும் பக்கம். ‘டாம்கேட் ஸ்டார்ட்டட்’ என்ற வரி, ப்ராசஸைப் பின்னணியில் ஏவிவிட்டாயிற்று என்பதை மட்டுமே சொல்கிறது. அப்ளிகேஷன் எழுந்ததா, டேட்டாபேஸ் கிடைத்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே வெப் பக்கங்களைக் கேட்டு வாங்கும் கர்ல் கமாண்ட் கொண்டு, அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் சரியா என்று சொல்லும் ஹெல்த் பக்கத்தை ஐந்து விநாடிக்கு ஒருமுறை கேட்கச் செய்தோம். ‘சரி’ என்று பொருள்படும் 200 வந்தால் வெற்றி. இரண்டு நிமிடத்தில் வராவிட்டால் எக்ஸிட் 1, அதாவது தோல்வி என்று சொல்லி ஸ்கிரிப்ட் முடியும். லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வைத்திருப்பவர்களுக்கும் இது தேவை. மிச்ச ப்ராசஸ்களை அது ஒழித்துவிடும், ஆனால் உள்ளே அப்ளிகேஷன் வேலை செய்கிறதா என்று தானாகப் பார்க்காது.

அப்புறம், டாம்கேட்டின் தற்காலிக ஃபைல்கள் இருக்கும் வொர்க் டைரக்டரியைத் துடைக்கும் ஆர்எம் (அழிக்கும் கமாண்ட்) வரி. வேரியபிள் காலியாக இருந்தால் அது எங்கே போய் அழிக்கும் என்று நினைத்தாலே எனக்கு பயம். பாத் வேரியபிளோடு கோலனும் கேள்விக்குறியும் சேர்த்து எழுதுங்கள். காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போடுவதென்றால், ஜாவா எங்கே இருக்கிறது என்று சொல்லும் ஜாவா ஹோமை ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதுங்கள், கிரான் உங்கள் ஷெல் செட்டிங்குகள் இருக்கும் பாஷ்ஆர்சியைப் படிக்காது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசராக ஓட்டவே வேண்டாம். ஒருமுறை ஓட்டினாலும் லாக் ஃபைல்கள் ரூட் பெயருக்குப் போய், அடுத்த முறை டாம்கேட் யூசரால் அவற்றில் எழுத முடியாது.

இந்த வாரம் டெஸ்ட் சர்வரில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை வேண்டுமென்றே தவறாக வைத்து உங்கள் ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் ‘முடிந்தது’ என்று வந்தால், புரொடக்ஷனில் அதை இன்றிரவே நிறுத்திவையுங்கள்.