அப்பாவை டீக்கடைக்கு அனுப்புங்கள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறிய ஊரில் பொது மருத்துவராக இருக்கிறேன். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்காக மாதாமாதம் வரும் பெரியவர்களிடம், "சாயங்காலம் யாரோட பேசிக்கிட்டிருப்பீங்க?" என்றும் கேட்பது என் வழக்கம். "பையன் சிங்கப்பூர்லேருந்து தினம் வீடியோ கால்ல வர்றான் டாக்டர்" என்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் பிள்ளையிடம் முட்டிவலியைக்கூட மறைத்துத்தான் பேசுவார்கள். கூட்டாளியிடம் மறைக்க மாட்டார்கள்.

"டீக்கடையே கதின்னு கிடக்குறாரு, வெட்டிப் பேச்சு" என்று கூட வந்த மருமகள் புகார் சொன்னால் எனக்கு நிம்மதி. 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களை அலசியது. உறவும் நட்பும் பலமாக இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு, அவை குறைந்தவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனமும் 2025-ல் சொன்னது.

இங்கே கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். காலை டீ குடிக்க வந்த ஒருவருக்குக் கிளாஸ் கையிலிருந்து நழுவியது, பேச்சு குழறியது. "ராத்திரி தூக்கமில்ல" என்று சமாளித்திருக்கிறார். எதிரே இருந்தவர் விடவில்லை. "சின்ன வயசுலேருந்து உன் பேச்சைக் கேக்குறேன், இது உன் பேச்சு இல்லடா" என்று சொல்லி 108-ஐக் கூப்பிட்டுவிட்டார். பக்கவாதத்தில் ரத்தக்குழாய் அடைப்புதான் காரணம் என்றால், அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் அதையும் போட முடியும். அதனால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அந்தப் பெரியவர் வீட்டில் சிசிடிவி கேமராவுக்குக் குறைவில்லை. இது வீட்டில் நடந்து, வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் பார்த்திருந்தால், அப்பா வழக்கம்போல நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்.

அம்மா போன பிறகு அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சில மாதத்தில் படபடப்பு, தூக்கமின்மை, சாப்பாடு பிடிக்கவில்லை என்று அவரையே திரும்ப என்னிடம் அழைத்து வருகிறார்கள். எல்லா டெஸ்டும் நார்மல். மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர், ஜூன் 12-ல் திறப்பார்களா, குறுவைக்கு விதை விடலாமா என்றெல்லாம் அந்த அடுக்குமாடியில் அவர் யாரிடம் பேசுவார்? முதுமையில் மனச்சோர்வு பலருக்கு இப்படி உடம்புத் தொந்தரவாகவே வரும்.

பெண்களின் நிலைமை இன்னும் மோசம். கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்ததோடு பள்ளிக்கூடத் தோழிகள் போய்விடுகிறார்கள். நடவுக்குப் போகிற பெண்களுக்காவது பேச்சும் சிரிப்புமாக ஒரு செட்டு இருந்தது. நடவு மெஷின் வந்த இடங்களில் அதுவும் கலைகிறது. ஒருவகையில் வசதியான வீட்டு அம்மாக்கள்தான் ரொம்பத் தனி. மகளிர் குழுக் கூட்டத்தில் தவணை கட்டி முடிந்த பிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள் பாருங்கள், அதை யாரும் அவசரப்படுத்தாமல் இருந்தால் போதும்.

எல்லா நட்பும் மருந்து என்று சொல்ல வரவில்லை. குடியை விட்டுவிட்டு வருகிறவர்களிடம் மாத்திரையைவிட நான் அதிகம் கவலைப்படுவது சாயங்காலம் ஆறு மணியைப் பற்றித்தான். பழைய செட்டோடு போனால் மறுபடி கிளாஸ், போகாவிட்டால் பேச ஆளே இல்லை. வீட்டில் "அவனுங்க சகவாசமே வேணாம்" என்று சொல்வதோடு விட்டுவிடுகிறார்கள். அந்த ஆறு மணிக்கு வேறு ஆள் வேண்டும். குடியிலிருந்து மீண்டவர்கள் நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசியதில்தான் தொடங்கின. தமிழ்நாட்டிலும் நடக்கின்றன.

சரி, பெரியவர் தானாகவே டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டால்? வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். முதலில் காதைப் பரிசோதியுங்கள். நாலு பேர் பேசும்போது சரியாகக் கேட்காது, சும்மா சிரித்து வைப்பார், பிறகு போகவே கூச்சப்படுவார். கண்புரை இருந்தால் பொழுது சாய்ந்ததும் நடக்கப் பயம். இன்னொன்றை அவர்கள் வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும், கடைப் பக்கம் கழிப்பறை இருக்காது. அதற்குப் புராஸ்டேட் வீக்கம் காரணமா, சர்க்கரையா, நீர் பிரிய வைக்கும் மாத்திரையா என்று பார்க்க வேண்டும். மாத்திரையென்றால் அதைச் சாப்பிடும் நேரத்தை மாற்றினாலே சிலருக்குச் சரியாகிவிடும். நீங்களாக மாற்ற வேண்டாம், உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

நடக்கவே முடியாதவரா? கூட்டாளிகளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மனசு ரொம்பச் சோர்ந்திருந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.