சிப்புக்குள்ள ஒளியை யூ-டர்ன் போட வைக்கறது

ஃபோட்டானிக் சிப்புல கரண்டுக்கு பதிலா ஒளி ஓடும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது ஓடற பாதை வேவ்கைடு, சுமார் 500 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரத்துல ஒரு சிலிக்கான் கம்பி, சுத்தி சிலிக்கா, அதாவது கண்ணாடி. சிலிக்கானோட ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட 3.48, சிலிக்காவுக்கு 1.44, இவ்ளோ வித்தியாசம் இருக்கறதாலதான் கம்பி வளைஞ்சாலும் ஒளி கூடவே வளைஞ்சு போகுது. போறது ஓகே, போனதை திருப்பி அனுப்பணும்னாதான் தலைவலி. லேசர் பண்ணணும்னா ஒளி முன்னும் பின்னும் போய்ட்டு வந்தாகணும், அதுக்கு ரெண்டு முனையிலயும் கண்ணாடி மாதிரி ஏதாவது வேணுமே.

கம்பியை சும்மா வெட்டி விட்டா காத்துல படற முனையில சுமார் 30% தான் திரும்பும். உலோகம் பூசலாம்தான், ஆனா உலோகம் ஒளியில கொஞ்சத்தை தின்னுடும், அதுக்குன்னு தனி ஸ்டெப்பும் ஆகும்.

அதனால ரொம்ப நாளா எல்லாரும் நம்பறது பிராக் கிரேட்டிங்கைத்தான். 1915ல அப்பா-மகன் ரெண்டு பேருக்கும் சேர்த்து நோபல் கிடைச்சுதே, அதே பிராக், அவங்க எக்ஸ்ரேயையும் படிகத்தையும் வச்சு சொன்ன கணக்குதான். கம்பியோட பக்கவாட்டுல சீப்பு மாதிரி பல் வெட்டிக்கிட்டே போவாங்க, ஒவ்வொரு பல்லும் துளியூண்டு ஒளியை திருப்பும், பல்லுக்கு பல் தூரம் உள்ள ஓடற அலைநீளத்துல சரியா பாதியா இருந்தா திரும்பற துளி எல்லாம் ஒண்ணா சேர்ந்து பலமாயிடும். 1550 நானோமீட்டர் ஒளிக்கு கணக்கு போட்டா அந்த தூரம் 320 சொச்சம் நானோமீட்டர், அப்போ ஒரு பல் வெறும் 160.

இங்கதான் ஃபேப்ல, அதாவது சிப் பண்ற ஃபேக்டரில, மாட்டிக்கறாங்க. 193 நானோமீட்டர் ஒளியை வச்சு மாஸ்க்ல (டிசைன் வரைஞ்ச அச்சுத் தகடு) இருந்து பிரிண்ட் அடிச்சா, சதுரமா வரைஞ்ச பல்லு மழுங்கி நெளிநெளியா வரும், டிசைன்ல போட்ட அளவுக்கு திருப்பாது. எலக்ட்ரான் பீம்ல வரைஞ்சா கூர்மையா வரும், ஆனா ஒவ்வொண்ணா வரையணும், லேபுக்கு சரி, ஆயிரக்கணக்குல பண்ண ஆகாது. பல் இடைவெளியை மூணு மடங்காக்கி பிரிண்டிங்கை ஈஸியாக்கலாம், ஆனா கொஞ்சம் ஒளி மேலயும் கீழயும் சிதறிப் போயிடும். இது போதாதுன்னு, கம்பி அகலம் 1 நானோமீட்டர் மாறினாலே திரும்பற நிறம், அதாவது அலைநீளம், கிட்டத்தட்ட 1 நானோமீட்டர் நகந்துடும், டெலிகாம்ல பக்கத்து பக்கத்து சேனலுக்கு நடுவுல இருக்கறதே பல இடத்துல 0.8 தான்.

எனக்கு பிடிச்ச வழி வேற, பல்லே வேணாம்னு சொல்றது, சாக்னாக் லூப். ரெண்டு கம்பியை ஒட்டினாப்ல கொண்டு வந்து ஒளியை பாதிப்பாதியா பிரிக்கற கப்ளர், அதோட ரெண்டு அவுட்புட்டையும் ஒரு வளையமா இணைச்சு விட்டுடறது, அவ்ளோதான். ஒரு பாதி இடமா சுத்தும், இன்னொண்ணு வலமா சுத்தும், ரெண்டுக்கும் அதே பாதை, அதே நீளம். கப்ளர்ல இந்த கம்பில இருந்து அந்த கம்பிக்கு தாவற ஒளி ஒவ்வொரு தடவையும் கால் சுத்து ஃபேஸ் மாறும், ஃபேஸ்னா அலை ஏறி இறங்கற சுத்துல எந்த இடத்துல இருக்குங்கறது. வந்த வழியே திரும்பறப்போ ரெண்டு பாதியும் ஆளுக்கு ஒரு தடவைதான் தாவியிருக்கும், அதனால ஃபேஸ் ஒத்துப்போய் சேர்ந்துடும். இன்னொரு வாசல்ல ஒண்ணு ரெண்டு தடவை தாவினது, இன்னொண்ணு தாவவே இல்ல, அரை சுத்து வித்தியாசம், ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு காலி. ஆக வந்தது மொத்தமும் ரிட்டர்ன்.

வேவ்கைடு வெட்டற அதே எட்ச்சிங்லயே (சிலிக்கானை அரிச்சு எடுக்கற ஸ்டெப்) இதுவும் வந்துடும், தனி ஸ்டெப் எதுவும் கிடையாது. அதைவிட முக்கியம், தப்பு நடந்தா இது எவ்ளோ தாங்குதுங்கறது. 50-50னு நினைச்ச கப்ளர் 40-60ஆ வந்துடுச்சுன்னு வைங்க, திரும்பற அளவு 4 × 0.4 × 0.6, அதாவது இன்னும் 96%. 45-55னா 99%. பிராக்ல இந்த தாராளம் கிடையாது.

குறை இல்லாம இல்ல. லூப்புக்கு நிறம் பாத்து பிரிக்கத் தெரியாது, கப்ளர் ஏறக்குறைய பாதியா பிரிக்கற வரைக்கும் எல்லாத்தையும் திருப்பி விட்டுடும், அதனால ஒரே ஒரு நிறம் வேணும்னா கூடவே ரிங் ஃபில்டர், அதாவது குறிப்பிட்ட நிறத்தை மட்டும் பிரிச்செடுக்கற குட்டி வளையம், வைக்கணும். சிலிக்கான்ல வளையத்தை சில மைக்ரோமீட்டர் ஆரத்துலயே முடிச்சுடலாம், ஒளிவிலகல் எண் கம்மியா இருக்கற இன்னொரு வேவ்கைடு பொருளான சிலிக்கான் நைட்ரைடுல அது நல்லாவே பெருசாகும், இடத்தை அடைச்சுக்கும். லேசர்ல ஒரு பக்கம் முழுசா திருப்பணும், வெளிச்சம் வெளிய வர்ற பக்கம் பாதி விட்டா போதும்னா, அந்தப் பக்கத்து கப்ளரை கொஞ்சம் குட்டையாக்கி 15-85ஆ பிரிக்க விட்டுடுவாங்க, 4 × 0.15 × 0.85 போட்டுப் பாருங்க, 51% வரும்.