பாதுகாப்புக் கருவி எதைப் பார்க்கிறது?

2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லினக்ஸ் கணினியில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக இணையும் முறை) வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். காரணத்தைத் துருவிக்கொண்டே போனவர், எக்ஸ்ஸெட் என்ற தரவுச் சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒளித்துவைக்கப்பட்ட பின்வாசலை, அதாவது தாக்குநர் ரகசியமாக நுழையும் வழியைக் கண்டுபிடித்தார்.

நாம் நம்பியிருக்கும், மென்பொருளில் ஓட்டை தேடும் ஸ்கேனர்கள் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. ட்ரிவி, கிரைப் போன்றவை கன்டெய்னர் இமேஜில் (செயலியையும் அது இயங்கத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதியில்) உள்ள தொகுப்புகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் பட்டியலிட்டு, ஏற்கெனவே பதிவான ஓட்டைகளின் தரவுத்தளத்தோடு ஒப்பிடுகின்றன. பதிவாகாதது அவற்றுக்குத் தெரியாது. ஆனால் 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நூலகத்தின் ஓட்டை வெளியானபோது, அந்த நூலகம் எந்தச் சேவையின் அடியாழத்தில் கிடக்கிறது என்று தேட இந்த வகைக் கருவிகள்தான் கைகொடுத்தன.

ஆகவே கிளவுட் மென்பொருளுக்குக் கருவி தேர்ந்தெடுக்கும்போது, வசதிப் பட்டியலுக்கு முன்னால் அது எதைப் பார்க்கிறது என்று கேளுங்கள். செம்கிரெப், கோட்க்யூஎல் போன்றவை நிரலையே படிக்கின்றன. பயனர் தரும் உள்ளீடு வடிகட்டப்படாமல் தரவுத்தள வினவல் வரை போய்ச் சேருகிறதா என்று தடம் பிடிக்கின்றன. சர்வருக்கு அளவுக்கு மீறிக் கொடுத்த அனுமதி இந்தத் தடம் பிடித்தலில் சிக்காது. 2019இல் கேபிடல் ஒன் வங்கியில் நடந்தது அதுதான்: தவறாக அமைக்கப்பட்ட ஃபயர்வால் வழியே புகுந்தவர், அதற்குத் தரப்பட்டிருந்த அனுமதியைக் கொண்டே சேமிப்பகத்தைப் படித்தார். 10 கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் போயின. இதற்கு, கிளவுட் அமைப்புகளையும் அனுமதிகளையும் எழுதிவைக்கும் டெராஃபார்ம் கோப்புகளைச் சோதிக்கும் செக்கோவ் போன்ற கருவி வேண்டும். இயங்கும் கன்டெய்னர் திடீரென்று ஷெல் (கட்டளை இடும் முனையம்) திறந்தால் கூப்பிட்டுச் சொல்ல ஃபால்கோ இருக்கிறது. அது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் கவனிக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்ட வேண்டாம். நிரலில் தவறிக் கிடக்கும் கடவுச்சொல் போன்ற ரகசியச் சாவிகளைத் தேடும் கிட்லீக்ஸ் மாதிரியான கருவியிலிருந்து தொடங்குவதே சரி என்பது என் கருத்து. உழைப்பு குறைவு, பலன் உடனடி. ஒன்று மட்டும்: நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் நீக்கிய சாவி வரலாற்றில் அப்படியே இருக்கும். வரியை அழித்தால் போதாது, சாவியையே ரத்து செய்ய வேண்டும்.

விற்பவரின் டெமோவை வைத்து முடிவெடுக்காதீர்கள். வேண்டுமென்றே ஓட்டைகளோடு எழுதப்பட்ட பயிற்சிச் செயலியான ஓவாஸ்ப் ஜூஸ் ஷாப்பிலும், உங்கள் சொந்தப் பழைய நிரலிலும் ஓட்டிப் பாருங்கள். எத்தனை எச்சரிக்கை வந்தது என்பதைவிட, அதில் எத்தனையை உங்கள் குழு உண்மையில் திருத்தியது என்பதே அளவுகோல். ஆயிரம் எச்சரிக்கை கொட்டும் கருவியை ஒரு மாதத்தில் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, நிஜத் தாக்குதலில் பயன்பட்டவை என்று உறுதியான ஓட்டைகளைத் தனிப் பட்டியலாக வெளியிடுகிறது. அதை வைத்து வரிசைப்படுத்தித் தரும் கருவிக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

பலர் கேட்க மறக்கும் கேள்வி, அந்தக் கருவிக்கே என்ன அனுமதி தருகிறோம் என்பது. 2025 மார்ச்சில், 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய டிஜே-ஆக்‌ஷன்ஸ் தொகுப்பின் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற கிட்ஹப் துணைக்கருவியின் பதிப்புக் குறிகளைத் தாக்குநர்கள் தீய நிரலுக்குத் திருப்பிவிட்டார்கள். நிரலைத் தானாகக் கட்டமைக்கும் பில்ட் வேலையின் பதிவுகளில் ரகசியச் சாவிகள் கொட்டின. பதிப்புக் குறியை நம்பாமல் முழு கமிட் ஹேஷைக் (ஒரு நிரல் மாற்றத்தின் மாறாத அடையாளத்தைக்) குறிப்பிட்டிருந்த தானியங்கிப் பைப்லைன்கள் பெரும்பாலும் தப்பின. ஸ்கேனரை இணைக்கும்போதும் அப்படியே ஹேஷால் கட்டுங்கள். படிக்கும் அனுமதி போதுமென்றால் எழுதும் அனுமதியைத் தராதீர்கள்.