‘எழும்ப வேண்டாம், படுத்திருங்க’

போன ஆடிச் சாரலில் குலசேகரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டாவுக்கு 81 வயது. நாற்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போனவர். விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மேடும் பள்ளமுமாக நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வந்த கால்கள். நிமோனியா வந்து பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், அதில் ஐந்து நாள் ஐசியூவில். பிழைக்கவைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகியும் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில், இடுப்பில் டயப்பர், பக்கத்தில் ஹோம் நர்ஸ். மகன் மஸ்கட்டில், மகள் துபாயில். இருவரும் தினமும் வீடியோ காலில் வந்து சொல்வது ஒன்றுதான்: “அப்பா, எழும்ப வேண்டாம், படுத்திருங்க. விழுந்துருவீங்க.” நான் போர்வையை விலக்கி, தொடையை இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தேன். விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. “ஒரே சீணமா இருக்கு டாக்டரே” என்றார்.

நிமோனியாவால் வந்த சீணம், அதாவது உடல் தளர்ச்சி, எப்போதோ போய்விட்டது. இது கட்டில் கொடுத்த சீணம்.

நாடு சுதந்திரம் அடைந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. இன்று 70ஐ ஒட்டி நிற்கிறது. தடுப்பூசி, ஆன்டிபயாடிக், பாதுகாப்பான பிரசவம், பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை எல்லாம் சேர்ந்து கொடுத்த வருடங்கள் இவை. நம் குமரி மாவட்டம் இதை முன்பே பார்த்த இடம். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன அறுவை மருத்துவர் சோமர்வெல், இங்குள்ள நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் வேலையை வேண்டாமென்று சொல்லி இங்கேயே வந்து உழைத்தார். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு, இந்தியர் பெரிய உடல் குறையில்லாமல் வாழும் காலத்தை ஏறக்குறைய 60 வருடம் என்கிறது. மிச்சம் பத்து வருடம். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் அந்தப் பத்து வருடத்துக்குள் இருப்பவர்கள்.

அந்த வருடங்கள் எப்படிக் கழியும் என்பதை, நான் பார்த்தவரையில், காலில் இருக்கும் தசைதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. நல்ல ஆரோக்கியமான முதியவர்களை வைத்துச் செய்த ஒரு ஆய்வில், பத்து நாள் படுத்தே இருந்ததில் கால்களிலிருந்து மட்டும் ஒரு கிலோ அளவுக்குத் தசை குறைந்தது. நோய்க்காரருக்கு இன்னும் வேகமாகக் குறையும். இளவயதில் இழந்ததை இரண்டு மாதத்தில் திரும்பப் பிடிக்கலாம்; எண்பதில் அது பெரும்பாடு. வேலைக்கு வந்த புதிதில் காய்ச்சலோ மூட்டுவலியோ, எதற்கும் “நல்லா ரெஸ்ட் எடுங்க” என்று நானும் சீட்டில் எழுதியிருக்கிறேன். இப்போது எழுதுவதில்லை.

பிள்ளைகளின் பயம் நியாயமானதுதான். இடுப்பெலும்பு உடைந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள். ஆனால் தசை குறையக் குறைய விழும் வாய்ப்புதான் கூடும். விழாமல் இருக்கப் படுக்கவைக்கிறோம். படுத்ததாலேயே, எழும்புகிற அன்றைக்கு விழுகிறார்.

பாட்டாவிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. “என்ன செய்யணும்னு ஆசை?”

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “கக்கூசுக்கு நானே போணும்.”

ஆறு வாரமாக யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. மருமகள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைப் பக்கம் போய்விட்டார். கட்டிலில் இருந்து கழிவறை வரை நடந்து எண்ணினேன். பதினான்கு எட்டு. எங்கள் சிகிச்சையின் இலக்கு அதுதான் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

முதலில் மாத்திரைப் பையைக் கொட்டச் சொன்னேன். பதின்மூன்று வகை. இரண்டு வெவ்வேறு பெயரில் ஒரே வாயு மாத்திரை. ஆஸ்பத்திரியில் ராத்திரி தூங்குவதற்குக் கொடுத்த மாத்திரை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. படுத்திருக்கும்போது 130 காட்டிய பிரஷர், கட்டில் ஓரத்தில் உட்காரவைத்ததும் 106. தலை சுற்றாமல் என்ன செய்யும்? சாப்பாடு பாதியாகிவிட்டது, சர்க்கரை மாத்திரையின் அளவு மட்டும் குறையவில்லை. காலையில் சர்க்கரை 68, ரொம்பத் தாழ்வு. பதின்மூன்று மாத்திரையை எட்டாகக் குறைத்தோம். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், சிலவற்றைத் திடீரென்று விட்டால் ஆபத்து. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும் ஒரே பையில் போட்டு, ஒரே டாக்டர் முன்னால் கொட்டுங்கள். இதில் எது இப்போதும் வேண்டும் என்று கேளுங்கள். படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் சாப்பாடு. “வயசானவருக்கு லேசா இருக்கட்டும்” என்று மூன்று வேளையும் கஞ்சியும் ஊறுகாயும். கஞ்சியில் இருந்து தசை வராது. முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். சாளை மீன் வாசலுக்கே வருகிற ஊர் இது. கஞ்சியோடு பயறு, ஒரு முட்டை, முள் எடுத்த மீன் என்று சேர்த்தாலே போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. முதல் மூன்று நாள் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். நான்காம் நாள் இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க எழுந்து நின்றார், பத்து நொடி. பிறகு கை வைத்த நாற்காலியில் இருந்து எழுவதும் உட்காருவதும். இதற்கு அரசின் உதவி உண்டு. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறைப் பயிற்சியாளர் (பிசியோதெரபிஸ்ட்) வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால் போதும். பலருக்கு அதில் மாத்திரை தருவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

நடமாட்டத்தோடு இருக்கும் பெற்றோரையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கைகளை மார்பில் கட்டச் சொல்லி, அரை நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். 70 முதல் 74 வயது வரையுள்ள ஆண் 12, பெண் 10 முறையாவது செய்ய வேண்டும். குறைந்தால் இப்போதே தொடங்க வேண்டும். கூடவே குளியலறையில் கைப்பிடி, ராத்திரி சின்ன விளக்கு. புது வீடுகளின் வழவழ டைல்ஸ் ஈரமானால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஐப்பசியில் பாட்டா வாக்கரைப் பிடித்து அந்தப் பதினான்கு எட்டையும் நடந்தார். ராத்திரிக்கு மட்டும் இன்னும் டயப்பர் உண்டு. கதவை உள்ளே தாழ் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம், அது ஒன்றுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. துபாய் மகள் இப்போது போனில் கேட்பது வேறு: “இன்னைக்கு எத்தனை தடவ எழும்புனீங்க அப்பா?”